ஆபீஸில் எது இருந்தால் ஆள் நிற்கும்? நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டைக்காரன். 22 வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுவதுதான் பிழைப்பு. முதலில் ஒரு நிதி நிறுவனம், அடுத்து ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவு, இப்போது தனியாக, வள்ளியூரிலிருந்து கங்கைகொண்டான் வரை பத்துப் பதினைந்து சின்ன ஆபீஸ்களுக்கு. முதலாளிமார் போன் போட்டு, "ஆளே நிக்க மாட்டேங்கான் அண்ணாச்சி" என்பார்கள். அதே ஆபீஸ் பிள்ளைகள் ராத்திரி போன் போட்டு, "இங்க இருக்கலாமா, போயிரலாமாண்ணே?" என்பார்கள். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதலாளிக்குத் தனி, ஊழியருக்குத் தனி என்று பிரிக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டையும் படிக்கட்டும்.

சம்பளம்தானே எல்லாம்? மற்றதெல்லாம் பேச்சுக்குத்தானே?

சம்பளம் முக்கியம்தான். இல்லை என்று சொல்கிறவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கிறவராக இருப்பார்.

ஆனால் தொகையைவிடத் தேதி பெரிசு என்பதை நான் அந்த நிதி நிறுவனத்தில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே 5ஆம் தேதி சம்பளம் என்று சொல்லித்தான் ஆள் எடுத்தார்கள். ஒரு மாதம் 9 ஆகும், ஒரு மாதம் 14 ஆகும். எப்போது என்று கேட்டால், "வரும்வே, எங்க போயிரப் போகுது?" என்பார்கள். எங்கும் போகாது, சரி. ஆனால் என் பக்கத்து மேஜைக்காரருக்கு 7ஆம் தேதி சீட்டு கட்ட வேண்டும், 10ஆம் தேதி நகைக்கடன் வட்டி. மாதா மாதம் மச்சினனிடம் கைமாற்று வாங்கி, சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுப்பார். கடைசியில் 1,500 ரூபாய் குறைவான சம்பளத்துக்கு வேறு இடம் போனார். அங்கே 1ஆம் தேதி காலையில் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். "பணத்தைக் குறைச்சுக்கிட்டா போறான் கிறுக்கன்?" என்றுதான் எங்கள் முதலாளி கேட்டார். மச்சினன் முகத்தை மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாது.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மத்தியச் சட்டக் கணக்கு. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், சீட்டுக்காரருக்காகவாவது அதைப் பின்பற்றலாம்.

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டுப் பார்த்தார்: வேலையில் எப்போது மனம் குளிர்ந்தது, எப்போது வெறுத்துப்போனது? சம்பளம், மேலதிகாரி, வேலையிடத்து வசதி இவை மோசமானால் ஆள் வெறுத்துப்போகிறார். ஆனால் இவை ஒழுங்காக இருப்பதால் மட்டும் உற்சாகம் வந்துவிடுவதில்லை என்று 1959இல் எழுதினார். உற்சாகம் வருவது ஒரு வேலையை முடித்துக் காட்டியதில், அதை மற்றவர்கள் ஒத்துக்கொண்டதில், பொறுப்பு கையில் வந்ததில். குழம்பில் உப்பு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இல்லாவிட்டால் முதல் வாயிலேயே தெரியும். இருந்தால் யாரும் "உப்பு அருமை" என்று சொல்லப்போவதில்லை.

சரி, ஒரே சொல்லில் சொல்லுங்கள். ஊழியர் எதை அதிகம் மதிக்கிறார்?

நிச்சயத்தை.

சம்பளம் என்றைக்கு வரும், சாயங்காலம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கலாம், கேட்ட லீவு கிடைக்குமா, கிடைக்காதா, நேற்றுச் சரி என்று சொன்னது இன்றைக்கும் சரிதானா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவர் மீதி நேரம் வேலையைப் பற்றி யோசிப்பார். தெரியாதவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் பார்ப்பதும் ஒரு முழுநேர வேலைதான். அதற்குச் சம்பளம் போட என் பட்டியலில் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு மேல் பத்து நிமிஷம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இதை என்னிடம் கேட்ட முதலாளிகள் எல்லோரிடமும் கார் இருந்தது.

நம் ஊர் ஆபீஸில் பாதிப் பேர் வெளியூர். சேரன்மகாதேவி, முக்கூடல், களக்காடு, நாங்குநேரி, கடையம். செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்கிறவர்கள் ஒரு கூட்டம், டவுன் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு கூட்டம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பல பெண்கள் அந்தப் பஸ்ஸை நம்பித்தான் ஆபீஸ் வேலைக்கே வந்தார்கள். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்து வருவது காசு கொடுத்து ஏறும் பஸ்ஸாக இருக்கும், அல்லது முக்கால் மணி நேரம் கழித்து வரும், அல்லது கிராமத்துக்குள் போகாமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகும். இறங்கி இருட்டில் இரண்டு கிலோமீட்டர். இல்லாவிட்டால் அண்ணனை பைக் எடுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். அண்ணன் நாலு நாள் வருவான்; ஐந்தாம் நாள், "வேலைக்குப் போனது போதும்" என்பான்.

ஆக, 5.55க்கு, "இந்த ஒரு லெட்டரை மட்டும் அடிச்சுக் குடும்மா" என்று சொல்லும்போது கேட்பது பத்து நிமிஷத்தை அல்ல. வீட்டில் அவளுக்கு இருக்கும் அனுமதியில் கை வைக்கிறீர்கள்.

அதே லெட்டரை 4 மணிக்குக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுப்பார். வேலை இருக்கும் நாளில் இருக்க மாட்டேன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதியை ஒட்டி எல்லோருக்கும் தாமதமாகும், அது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லி வைத்தால் வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டு வருவார்கள். எரிச்சல் வருவது, சாயங்காலம் வரை சும்மா இருந்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்தில் வேலை தேடும் மேனேஜரிடம்தான்.

கோயில் கொடைக்கு மூன்று நாள் லீவு கேட்கிறார்கள். கொடுத்துக் கட்டுப்படியாகுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கொடை என்றால் ஊர்ச் சாமி கோயிலின் திருவிழா.

சட்டப்படி ஆபீஸ் விடவேண்டிய நாட்கள் தனி: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாள். அந்த ஐந்தில் பொங்கல், தீபாவளி மாதிரிப் பொதுவானவைதான் வரும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும். தனியார் ஆபீஸில் தேர் அன்றைக்கும் பஞ்ச் வைக்க வேண்டியதுதான். கொடை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தீபாவளியைவிடக் கொடை பெரிசு. திங்கள் ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்பு, செவ்வாய் மதியக் கொடை, ராத்திரி சாமக்கொடை, விடிய விடிய வில்லுப்பாட்டு, புதன்கிழமை கண்ணைத் திறக்க முடியாது. சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறவன் எல்லாம் வந்து இறங்குகிறான். கொடைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்குப் பணம், கொடுத்த வீட்டில், இருபது கிலோமீட்டர் தள்ளி பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறவன் மட்டும் வரவில்லை என்றால் ஊரில் என்ன பேச்சு வரும்? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவதும் அப்படித்தான். தேவாலயத்து அசன விருந்து, தர்கா கந்தூரி விழா என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு.

லீவு தராவிட்டால் என்ன ஆகும் என்பதை என் பதிவேடுகள் சொல்லும். செவ்வாய்க்கிழமை காலையில் பாட்டி இறந்துவிடுவார். ஒரே ஊழியருக்கு நான்கு பாட்டிகள் இறந்த கணக்கு என்னிடம் இருக்கிறது. பொய் சொல்ல வைத்துவிட்டுப் பிறகு, "ஆட்களிடம் நேர்மை இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

வள்ளியூரில் நான் கணக்குப் பார்க்கும் ஒரு ஆபீஸில் செய்வதைச் சொல்கிறேன். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும், "உங்க கொடை எப்போ?" என்று கேட்டுச் சுவர்க் காலண்டரில் குறித்துவிடுகிறார்கள். "சித்திரை கடைசிச் செவ்வாய்" என்கிற மாதிரி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த நாள்தானே. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு வருஷம் முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12 தனி. அதிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள், இலவசமாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு தடவை ஒரே செவ்வாயில் மூன்று பேருக்குக் கொடை வந்தது. அன்றைக்கு ஆபீஸையே மூடிவிட்டு, அதற்குப் பதிலாக எல்லோரும் சம்மதித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த ஆபீஸில் பாட்டிகள் நலமாக இருக்கிறார்கள்.

வசதி என்றால் என்ன? ஏசியா, சோபாவா?

கழிப்பறை.

ஜவுளிக்கடைக் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேஜையில் ஒரு அக்கா இருந்தார். காலையில் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் சீரகத் தண்ணீர் கொண்டுவருவார். சாயங்காலம் பையில் வைக்கும்போது பாட்டில் அப்படியே இருக்கும். மே மாதத்திலும். பாளையங்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள், "என்னக்கா, கொண்டுவந்து கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோறீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள், "குடிச்சா போகணும்லா அண்ணே."

கழிப்பறை இருந்தது. மாடிப்படிக்கு அடியில், ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் ஒன்று. உள்தாழ்ப்பாள் உடைந்து ஒரு துணிக்கயிறு கட்டியிருந்தது. சாவி மேனேஜர் அறையில் ஆணியில் தொங்கும். அவர் முன்னால் போய், அவர் தலை நிமிர்ந்து பார்க்க, சாவியை எடுத்து வர வேண்டும். வாளி உண்டு, மூடி போட்ட குப்பைத் தொட்டி கிடையாது. அந்த அக்காவுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, "மேலுக்கு முடியல" என்று லீவு போடுவார். அதை லீவுப் பதிவேட்டில் "காய்ச்சல்" என்று எழுதியவன் நான். இரண்டு வருஷம் எழுதினேன். ஏன் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஏசி பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஏசி இருந்தும் ரிமோட் மேனேஜர் டிராயரில் பூட்டி இருப்பதைவிட, எல்லோர் தலைக்கு மேலும் ஓடும் ஒரு மின்விசிறி மேல்.

உட்காருவது உரிமையா?

ஆம், தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்தார்கள்: வேலை நேரம் முழுக்க ஊழியரைக் காலில் நிற்க வைக்கக் கூடாது, இடை கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது.

மேலே கணக்குப் பிரிவில் எங்களுக்கு நாற்காலி இருந்தது. கீழே விற்பனைப் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு பில்லை மாடிக்குக் கொண்டுவரும் சாக்கில் எங்கள் நாற்காலியில் அரை நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை இன்னொரு பாதத்தால் தேய்த்துவிட்டுப் போவார்கள். இப்போது பல கடைகளில் ஸ்டூல் பார்க்க முடிகிறது. ஸ்டூலில் துணிக்கட்டு அடுக்கி வைத்திருப்பதையும் பார்க்க முடிகிறது.

எங்கள் ஆபீஸில் எல்லோரும் குடும்பம் மாதிரிதான் பழகுகிறோம். அது நல்லதுதானே?

யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. முதலாளி சொன்னால் பெரும்பாலும், "கணக்குப் பார்க்காமல் வேலை செய்" என்று அர்த்தம். ஊழியர் சொன்னால் நம்பலாம்.

நம் பேச்சு வழக்கில் இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. "வாரும், இரும்" என்று சொன்னால் ஒரு மரியாதை. "ஏலே" என்பதில் பாசமும் உண்டு, அதட்டலும் உண்டு. வீட்டில் அம்மா "ஏட்டி" என்று கூப்பிட்டால் பெண் ஓடி வருவாள்; அதையே ஆபீஸில் மேனேஜர் கூப்பிட்டால் அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள். கூட்டாளிகளுக்குள் "என்னவே" போட்டுக்கொள்வது வேறு. திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொல்லும்போதுதான் அது காயம். 25 வயதுப் பையன் அதிகாரியாக வந்து, 50 வயது அட்டெண்டரைப் பெயர் சொல்லி "வா, போ" என்பதை ஆபீஸ் முழுக்கக் கவனிக்கிறது. அந்த அட்டெண்டரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அதையும் ஆபீஸ் முழுக்கக் கவனிக்கும்.

திட்டுவது தவிர்க்க முடியாது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டலாம். ஆட்கள் வேலையை விட்டுப்போகும்போது என்னிடம் சொல்லும் காரணங்களில், "எல்லார் முன்னாடியும்" என்ற வார்த்தை வராத நாள் குறைவு.

பாராட்டுக்கு உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை செலவில்லாத தந்திரமா?

பலன் உண்டு. தந்திரமாகச் செய்தால் அதுவும் தெரிந்துவிடும்.

1924 முதல் 1932 வரை சிகாகோ பக்கம் ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் சோதனைகள் நடத்தினார்கள். முதலில் வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்த்தார்கள். கூடியது. குறைத்தபோதும் பெரிதாகக் குறையவில்லை. வெளிச்சத்தால் அல்ல, யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதால்தான் என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். எப்படியோ, நாம் செய்ததை ஒருவர் பார்த்தார் என்றால் மனசு கொஞ்சம் நிமிர்கிறது என்பதற்குச் சிகாகோ வரை போக வேண்டியதில்லை.

"சூப்பர், கீப் இட் அப்" என்று வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போடுவது பாராட்டு ஆகாது. "போன மாசம் அந்தச் சப்ளையர் கணக்கில 18,000 இடிக்குதுன்னு நீ பார்த்துச் சொன்னே பாரு, இல்லேன்னா மாட்டியிருப்போம்" என்பது பாராட்டு. எந்த வேலை, எந்தத் தொகை என்று இருக்க வேண்டும். கேட்டவர் அதை வீட்டில் போய்ச் சொல்ல முடிய வேண்டும்.

தப்பு செய்தவரை விட்டுவிட்டால் எல்லோரும் தப்பு செய்ய மாட்டார்களா?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது அவருக்கே குழப்பமாக இருந்தது. நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. தவறு கூடுதலாக நடக்கவில்லை. அங்கே தைரியமாக ஒப்புக்கொண்டார்கள். மற்ற குழுக்களில் மூடி மறைத்தார்கள். நமக்கும் வேண்டியது அந்தத் தைரியம்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தது அன்றைக்கே. சொன்னது எட்டு நாள் கழித்து. அதற்கு முந்தின மாதம் இதே மாதிரி ஒருவர் தன் தப்பைத் தானே போய்ச் சொல்லி, ஆபீஸ் நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். அந்த எட்டு நாளில் அந்த வாடிக்கையாளர் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டார்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி போடலாமா?

போடலாம், காலையில் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு. பத்து மணிக்குப் போட்டுவிட்டு, நீல டிக் வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் வியாதி.

இதே வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நல்ல பயன்பாடும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையைத் தாண்டி நெல்லையில் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. திங்கட்கிழமை விடிகாலையில், சிக்னல் போவதற்கு முன், எனக்குத் தெரிந்த இரண்டு முதலாளிகள் இரண்டு செய்தி போட்டார்கள். ஒருவர்: "வழக்கம்போல 9.30. வர முடியாதவர்கள் லீவு லெட்டர் அனுப்பவும்." இன்னொருவர்: "யாரும் கிளம்ப வேண்டாம். சம்பளம் பிடிக்க மாட்டோம். வீட்டுக்குள்ள தண்ணி ஏறினவங்க மட்டும் சொல்லுங்க." இரண்டாவது ஆபீஸில் ஊழியர்களாகவே சகதியில் நனைந்த பைல்களை மொட்டை மாடியில் காயப்போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வந்து. முதல் ஆபீஸில் இப்போது இருப்பவர்களில் பலர் அன்றைக்கு இருந்தவர்கள் இல்லை.

சென்னைச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு என்ன வேண்டும்?

2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் ஆபீஸ் திறந்தபோது, கிராமத்தில் எவன் மென்பொருள் எழுதுவான் என்று கேட்டவர்கள் உண்டு. 2020இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதுதான் ஊரிலிருந்தே முடியும் என்பது பல பேருக்கு உறைத்தது. அம்மா கையால் சாப்பாடு, வாடகை மிச்சம், சாரல் சமயத்தில் அரை மணி நேரத்தில் குற்றாலம். இவற்றுக்காகக் கொஞ்சம் குறைத்து வாங்க ஆட்கள் தயார்.

கொஞ்சம்தான். "ஊர்ல இருக்குறதே பெருசுல்லா" என்று பாதிச் சம்பளம் பேசுகிற ஆபீஸ்களிடம் சொல்கிறேன்: வந்தவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் திரும்பியும் போகும் என்று தெரியும்.

பெண் ஊழியர்களுக்காகத் தனியாகச் செய்ய வேண்டியது என்ன?

கழிப்பறையும் பஸ் நேரமும் மேலே வந்துவிட்டன. மீதி சட்டத்தில் இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் இருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 10 பேருக்குக் குறைவான இடத்தில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகார் கொடுக்க மூன்று மாதம்; காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவின் பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பல இடங்களில் அது பைலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

பேறுகால விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். கல்யாணமானவள் என்று தெரிந்ததும் இன்டர்வியூவில், "குழந்தை எப்போ?" என்று கேட்கிற பழக்கத்தை விட்டுவிடலாம்.

பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பதே எரிச்சல் என்கிறார்களே?

இளவட்டங்கள் சொல்வார்கள், அப்பாவுக்கு ஆபரேஷன் வரும் வரை. இஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீடு 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு, ஊழியர் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி இரு பக்கமும் 12 சதவீதம். பிடித்தது போய்ச் சேர்ந்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது பிடிக்காததைவிட மோசம்.

போனஸ் பற்றியும் கேட்பார்கள். சட்டம் பொருந்தும் இடத்தில் குறைந்தது 8.33 சதவீதம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் தீபாவளிக்கு ஆளுக்கு அரைக் கிலோ அல்வா கொடுத்தார்கள். அவ்வளவுதான், போனஸ் இல்லை. அந்தச் சொல் ஊருக்குள் எப்படி வந்தது என்று அன்றைக்கு விளங்கியது.

டீ?

இரண்டு வேளை, முதலாளி குடிக்கிற அதே டீ.

வேலைக்குச் சேரும் முன் ஆபீஸ் எப்படி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள். எதிர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "இந்த ஆபீஸ்ல அடிக்கடி ஆள் மாறுமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். கடன் நோட்டு வைத்திருக்கிறவருக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது எல்லாம் தெரியும்.

உள்ளே போனதும் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். சாவி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் கொண்டுவருகிறவரை மற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுங்கள். கடைசியில், "சம்பளத் தேதி எது?" என்று கேளுங்கள். "அதெல்லாம் கரெக்டா வந்துரும்" என்று பதில் வந்தால், அது தேதி இல்லை.

இதையெல்லாம் முதலாளியிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பழைய ஆளாக இருக்கட்டும். மாத ஆரம்பத்தில் சம்பளக் கவலை, 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி கவலை. நடுவில் 12, 13 தேதிகள் நல்லது. நாலு குறையைச் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து.

அந்த ஜவுளிக்கடைக் கழிப்பறைக் கதை அப்படித்தான் முடிந்தது. நானும் சின்னப் பெண்ணும் போய், தாழ்ப்பாள், மூடி போட்ட தொட்டி, பெண்களுக்குத் தனிச் சாவி, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். முதலாளி சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்வே, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

மறுநாள் காலையில் ஆசாரி வந்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் அக்காவின் பாட்டிலில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.